அண்ணாச்சி கடை, ஜிம்போச்சோ

அப்பா நுழைத்த ஆயிரம் யென் நோட்டை டோக்கன் மெஷின் வெளியே தள்ளியது. வேட்டியை நீவுவதுபோல நோட்டை நீவிவிட்டு மறுபடி நுழைத்தார். மறுபடியும் தள்ளியது. 2024 ஜூலையில் வந்த புது நோட்டு அது, கிதாசாதோ ஷிபாசபுரோவின் படம் போட்டது. சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் இருக்கும் பழைய மெஷின்கள் பலவற்றுக்கு அந்த நோட்டு அப்போது பிடிபடவில்லை. கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அப்பாவின் புது நோட்டை வாங்கிக்கொண்டு கல்லாவிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அப்பாவும் இரண்டு கையாலும் வாங்கினார்.

"அண்ணாச்சி கடை மாதிரில்லா இருக்கு," என்றார் என்னிடம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கடையின் முதலாளி, கல்லாக்காரர், சரக்கு எடுத்துத் தருபவர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாமே ஒரே ஆளாக இருந்தால் அவர்தான் அண்ணாச்சி. அந்த நிமிடத்திலிருந்து அப்பாவுக்கு அந்தப் பெரியவரின் பெயர் அண்ணாச்சிதான். அவருடைய உண்மையான பெயரை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அப்பா கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 31 வருஷம் மெஸ் நடத்தியவர். 2019இல் மூடினார். 2024 இலையுதிர் காலத்தில் மூன்று வாரம் என்னோடு டோக்கியோவின் நிஷிகசாயில் தங்கியிருந்தார். கோயில், கோபுரம், கண்ணாடிக் கட்டடம் என்று முதல் இரண்டு நாள் சுற்றிக் காட்டினேன். எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "இதெல்லாம் சரி தாயி. இந்த ஊருக்கு வேலைக்கு வந்த தனி ஆம்பள மத்தியானம் எங்க சாப்பிடுதான்? அதக் காட்டு."

அதனால்தான் ஜிம்போச்சோ. என் அலுவலகம் இருக்கும் ஓதேமாச்சியிலிருந்து ஹன்சோமொன் ரயில் தடத்தில் ஒரே ஒரு நிறுத்தம். நூற்றுக்கும் மேற்பட்ட பழைய புத்தகக் கடைகள் இருக்கும் தெரு. சுற்றிலும் கல்லூரிகள். அதே தெருக்களில் கறிச்சோற்றுக் கடைகளும் அடர்ந்து கிடக்கின்றன. அந்த வட்டாரத்துக் கடைகளுக்குள் எது சிறந்தது என்று 2011 முதல் ஒரு போட்டியே நடக்கிறது. ஏன் இங்கே இத்தனை என்று கேட்டால், கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் கரண்டியில் சாப்பிட முடிகிற சாப்பாடு இது என்று பதில் சொல்வார்கள். அது முழுக் காரணமா என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் கவுன்ட்டர்களில் புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்துச் சாப்பிடுகிறவர்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

நாங்கள் போன கடையில் ஒன்பது முக்காலி. மேசை கிடையாது. வாசலில் மெஷின், அதில் மொத்தம் ஏழு பொத்தான்.

"கறிக்கடைங்கியே, ஆட்டுக்கறியா?" என்று பொத்தான்களுக்கு முன்னால் நின்று கேட்டார்.

"இல்லப்பா. இவங்க கரேன்னு சொல்றது குழம்பு மாதிரி. கோழி போட்டது 950 யென்."

"பொறவு ஏன் கறின்னு பேரு?"

நல்ல கேள்வி. கோவில்பட்டியில் கறி என்றால் ஆட்டிறைச்சி. தஞ்சாவூர்ப் பக்கம் சில வீடுகளில் கறி என்றால் காய்கறிப் பொரியல். யாழ்ப்பாணத்தில் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடும் மரக்கறி, மீன், இறைச்சி எல்லாமே கறி. சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. இந்தச் சொல்லைப் போர்த்துகீசியர்கள் நம் கரையில் கேட்டு எடுத்துப் போனார்கள். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் வழியாக ஜப்பானுக்கு வந்து சேர்ந்தபோது அது 'கரே' ஆகியிருந்தது. இதை அப்பாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். "அப்ப நம்ம வீட்டுப் புள்ளதான், எங்கெங்கயோ வளந்துட்டு வந்திருக்கு," என்றார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்கு அந்தப் பெரிய மனது இல்லை. 2018இல் இங்கே வந்த முதல் வாரம், அலுவலகச் சாப்பாட்டுக்கூடத்தில் 'கரே' என்ற பலகையைப் பார்த்ததும் நேரே போய் வரிசையில் நின்றேன். பழுப்பு நிறத்தில் கெட்டியான குழம்பு. பக்கத்தில் ஒட்டும் சோறு. வாயில் வைத்ததும் முதலில் வந்தது இனிப்பு. அதன் பிறகு மாவின் வழவழப்பு. காரம் கடைசியில் ஓர் ஓரமாக வந்துவிட்டுப் போனது. புளி இல்லை, தேங்காய் இல்லை, கறிவேப்பிலை இல்லை, தாளிப்பு இல்லை. அன்று இரவு வீட்டுக்குப் போன் போட்டு, "மைதாக் கஞ்சியில மசாலாப் பொடியக் கலந்து தர்றாங்கப்பா" என்றேன். பிறகு இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு ஜனவரி இரவில் வேலை முடிந்து குளிரில் நடந்துவந்தபோது திறந்திருந்த ஒரே கடை கரே கடை. உள்ளே போனேன். சூடாக வயிற்றில் இறங்கியது. எந்தச் சாப்பாட்டையும் எதிர்பார்க்காத பசி அது. அதனால்தான் அன்றைக்கு அந்தக் குழம்பை அதன் ருசியிலேயே சாப்பிட முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஏன் இனிப்பு, ஏன் மாவு என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. ஜப்பானுக்குக் கறி இந்தியச் சாப்பாடாக வரவில்லை. மெய்ஜி காலத்தில், மேற்கத்திய உணவு என்ற பெயரில் இங்கிலாந்து வழியாக வந்தது. டப்பாவில் அடைத்த ஆங்கிலேயரின் மசாலாப் பொடி, அதோடு கொழுப்பில் வறுத்த கோதுமை மாவு: இதுதான் அடிப்படை. 1872இல் வெளியான ஒரு சமையல் நூலில் கரே செய்முறை இருக்கிறது. அதில் போடச் சொல்லியிருப்பது தவளை. வெங்காயம் அப்போது கைக்கு எட்டாத சரக்கு என்பதால் அதில் இருப்பது ஜப்பானிய வெங்காயத்தாள். இன்று எல்லா வீட்டுக் குழம்பிலும் கிடக்கும் வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் மூன்றும் ஹொக்கைடோவில் பயிராகிப் பரவிய பின்னால்தான் சட்டிக்கு வந்தன. உள்நாட்டிலேயே மசாலாப் பொடி தயாராக 1923 ஆகிவிட்டது. அதைச் செய்தவர் பின்னாளில் எஸ்&பி என்று பேர் பெற்ற நிறுவனத்தின் யமசாகி மினெஜிரோ.

இனிப்பு இன்னும் பிந்தியது. 1963இல் ஹவுஸ் நிறுவனம் ஆப்பிளும் தேனும் சேர்த்த கட்டிக்குழம்பை, அதாவது சட்டியில் கரைத்துக்கொள்ளும் மசாலா மாவுக் கட்டியை, 'வெர்மான்ட் கரே' என்று விற்றது. அதுவரை பெரியவர்களுக்குக் காரமாக ஒரு சட்டி, பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது என்று இருந்த வீடுகளில் ஒரே சட்டி போதும் என்றானது. இங்கே என் வயதுக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் அம்மாவின் சமையல் என்றதும் முதலில் சொல்வது கரேதான். பள்ளி மதியச் சாப்பாட்டிலும் அதுவே. 1982 ஜனவரி 22 அன்று நாடு முழுவதும் பள்ளிகளில் ஒரே நாளில் கரே போட ஏற்பாடு செய்தார்கள். அந்தத் தேதி இன்று 'கரே நாள்'. நம் பிள்ளைகளுக்குப் பருப்புச் சோறு எப்படியோ இவர்களுக்கு இது அப்படி. பருப்புச் சோற்றில் காரம் எங்கே என்று யாரும் கேட்பதில்லையே.

சாப்பாடு வருவதற்குள் இவ்வளவையும் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். அவர் காது கொடுத்துக் கேட்கவேயில்லை. அவர் கண் முழுக்க அடுப்பில் இருந்தது.

பெரிய பானை ஒன்று, சிறியது ஒன்று. பெரியது மிகச் சின்னத் தீயில். அண்ணாச்சி இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மரத்துடுப்பை எடுத்து, பானையின் அடியில் வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்தார். கிளறவில்லை, சுற்றவில்லை. அடியைத் தடவித் தடவி இழுத்தார். சோறு வைக்கும்போதும், காசு மாற்றிக் கொடுத்தபோதும், எதிரே வந்தவருக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் அவர் காது அந்தப் பானையில்தான் இருந்தது. 'பொட்' என்று ஒரு குமிழி உடையும் சத்தம் கேட்டதும் கை தானாகத் துடுப்புக்குப் போனது.

"பாத்தியா," என்றார் அப்பா மெதுவாக. "மாவு சேந்த குழம்பு. மேல பாத்தா ஒண்ணுந் தெரியாது, அடியில பிடிச்சிரும். ஒரு தடவ பிடிச்சா மொத்தப் பானையும் தீஞ்ச வாட அடிக்கும், பூராத்தையும் கீழதான் ஊத்தணும். இந்தாளு சத்தத்த வச்சே பாக்காரு."

இந்தக் கடையில் நான் அதற்கு முன் இருபது, முப்பது தடவை சாப்பிட்டிருப்பேன். அந்தத் துடுப்பை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. நான் எப்போதும் தட்டில் வருவதைத்தான் பார்த்தேன். இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, ஊரில் என்றால் என்ன போட்டிருப்பார்கள் என்று. அப்பா கடையைப் பார்த்தார்.

சோற்றைத் தராசில் நிறுத்தார் அண்ணாச்சி. 250 கிராம். நீள்வட்டத் தட்டில் ஒரு பாதியில் வைத்து, ஈரக்கரண்டியின் முதுகால் தட்டிக் கரை கட்டினார். மறு பாதியில் குழம்பு, ஒரே அகப்பை. சொட்டு சிந்தவில்லை, இரண்டாவது ஊற்றும் இல்லை. அந்த அகப்பைதான் அளவு. ஒரு கோழித்துண்டைக் குழம்பிலிருந்து எடுத்துச் சோற்றின் கரையில் சாய்த்து வைத்தார். கரண்டியைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றித் தட்டுக்கு முன்னால் படுக்க வைத்தார். டோக்கனை வாங்கியதிலிருந்து இதுவரை ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அப்பா முதலில் வெறும் சோற்றைக் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். அடுத்துக் குழம்பை மட்டும் கரண்டி நுனியில். கண்ணை மூடிக்கொண்டார். மெஸ்ஸில் காலை பதினொன்றரைக்கு, முதல் பந்திக்கு முன்னால் ஒவ்வொரு பானைக்கும் அவர் இப்படித்தான் செய்வார். நான் சின்னப் பிள்ளையில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்; அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதை வைத்துத்தான் அன்றைக்கு அடுக்களையில் திட்டு விழுமா விழாதா என்று எல்லோருக்கும் தெரியும்.

"வெங்காயத்த ரொம்ப நேரம் வதக்கிருக்காரு," என்றார். "இனிப்பு அதுலருந்துதான் வருது. சீனி கெடையாது." இன்னொரு தடவை எடுத்தார். "நேத்து வச்ச குழம்பு."

இது எனக்கே தெரியாது. கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அண்ணாச்சியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஆமாம் என்றார். வெங்காயம் இரண்டு மணி நேரம் வதங்கும். காலை ஆறு மணிக்கு வந்துவிடுவார். இன்று வைப்பது நாளைக்கு. ஜப்பானியர்கள் இதற்கு அழகான ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: குழம்பை ஒரு ராத்திரி 'நெகசெரு', அதாவது தூங்கப் பண்ணுவது. வீட்டிலும் இரண்டாம் நாள் கரேதான் ருசி என்பது இங்கே பேச்சுவழக்கு. கெட்டியான குழம்பு உள்ளே சூடு தங்கிக் கெட்டுவிடும் என்பதால் அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றி, அடியில் பனிக்கட்டித் தண்ணீர் வைத்துச் சீக்கிரம் ஆற்றித்தான் குளிர்பெட்டியில் வைப்பாராம். இதைச் சொல்லும்போது இரண்டு கையாலும் தட்டின் அகலத்தைக் காட்டினார். அப்பா நான் மொழிபெயர்க்கும் முன்னாலேயே தலையை ஆட்டினார்.

"எங்க ஊர்ல மீன் குழம்பும் இப்படித்தான்னு சொல்லு. மறுநாத்துதான் ருசின்னு சொல்லு."

சொன்னேன். புளிக்குழம்பில் மீனா என்று அவருக்கு ஆச்சரியம். குளிர்பெட்டி இல்லாமலா என்று கேட்டார். புளி இருப்பதால் தாங்கும், மண்சட்டி, காலையில் ஒரு கொதி விடுவோம் என்றார் அப்பா. இரண்டு பேரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு, ஆனால் என்னைப் பார்க்காமல், ஐந்து நிமிடம் பேசினார்கள்.

தட்டுக்குப் பக்கத்தில் ஊறுகாய் மாதிரி ஒன்று சின்ன டப்பாவில் இருக்கும். சிவப்புப் பழுப்பில், பொடியாக நறுக்கி சோயாவிலும் சர்க்கரையிலும் ஊறியது. பெயர் ஃபுகுஜின்சுகே. முள்ளங்கி, கத்தரிக்காய், தாமரைத்தண்டு, வாளவரை என்று ஏழு காய் சேர்வதால் அதிர்ஷ்டத்தின் ஏழு தெய்வங்கள் பெயரில் அழைக்கிறார்கள். இன்னொரு டப்பாவில் ரக்கியோ, சின்ன வெங்காயம் போன்ற ஒரு பூண்டு வகை, இனிப்புக் காடியில் ஊறியது. அப்பா ரக்கியோவை நாலு தடவை எடுத்துப் போட்டுக்கொண்டார். கடித்தால் 'நறுக்' என்கிறது. கெட்டிக் குழம்புக்கு நடுவில் அந்தச் சத்தமும் புளிப்பும் தேவைதான். இந்தக் குழம்புக்கு அப்பளம் அதுதான்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"மறுசோறு கெடையாதா?"

கிடையாது. மெஷினில் ஓமோரி என்ற பொத்தானை அமுக்கினால் 100 யென்னுக்குக் கூடுதல் சோறு. அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெஸ்ஸில் இலை போட்டபின் 'போதும்' என்று சொல்லும் உரிமை சாப்பிடுகிறவருடையது. "வேலைக்குப் போறவன் வயிறு நெறஞ்சதான்னு இவருக்கு எப்படித் தெரியும்?" என்று முணுமுணுத்தார். அந்த நேரத்தில் கட்டட வேலை உடுப்போடு ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். ஓமோரி. தட்டு பெரிதாக வந்தது, அண்ணாச்சி தராசைப் பார்க்கவே இல்லை, அகப்பையும் ஒன்றரை ஆனது. அப்பா அந்தத் தட்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பிறகு தன் தட்டுக்குத் திரும்பினார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

பன்னிரண்டு பத்திலிருந்து பன்னிரண்டு ஐம்பது வரை 23 பேர் என்று எண்ணி வைத்திருந்தார். ஒரு ஆள், ஒன்பது முக்காலி, ஒரு குழம்பு. "நமக்கு சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோரு, ரெண்டு காய், அப்பளம். பரிமாறவே நாலு பேரு. அதான் ஆளு கெடைக்காம மூடுனேன்." மெஸ்ஸை மூடியதற்குக் காரணமாக எங்களிடம் அவர் சொல்லியிருந்தது முழங்கால் வலி. ஆள் கிடைக்காததை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார். அதுவும் தட்டைப் பார்த்துக்கொண்டு.

சாப்பிட்டு முடித்தவர்கள் தட்டையும் தம்ளரையும் எடுத்துக் கவுன்ட்டரின் மேல்தட்டில் வைத்துவிட்டு, ஈரத்துணியால் தாங்கள் உட்கார்ந்த இடத்தைத் துடைத்துவிட்டு, 'கொச்சிசோசமா' (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை. எங்கள் மெஸ்ஸில் 'சாப்பிட்ட இலையைத் தாங்களே எடுக்கவும்' என்று பலகை இருந்தது. 31 வருஷத்தில் பாதிப் பேர் எடுத்திருப்பார்கள். அப்பா தன் தட்டை மேலே வைத்து, துணியை எடுத்து, எனக்கும் சேர்த்துத் துடைத்தார். வாசலில் நின்று தமிழிலேயே "வாரேன் அண்ணாச்சி" என்றார். உள்ளேயிருந்து நீளமாக ஒரு "அரிகாத்தோ கொசாய்மாஷித்தா" வந்தது.

மூன்று வாரத்தில் நாலு தடவை அங்கே போனோம். நடுவில் வேறு இரண்டு இடங்களுக்கும் அவரைக் கூட்டிப்போனேன்.

ஒன்று கோகோ இச்சிபான்யா. ஜப்பான் முழுக்க ஆயிரத்துக்கு மேல் கிளைகள். 2020 முதல் இந்தியாவில் குருகிராமிலும் இருக்கிறது. அதன் கதையை அப்பாவுக்கென்றே சொன்னேன். முனெத்சுகு என்ற ஒரு கணவனும் மனைவியும் நகோயாவில் காபிக்கடை வைத்திருந்தார்கள். அங்கே மனைவி வைத்துக் கொடுத்த வீட்டுக் கரேக்குத்தான் ஆட்கள் தேடி வந்தார்கள். அதனால் 1978இல் கரேக்கு என்றே ஒரு கடை போட்டார்கள். அங்கே சோற்றின் எடை, காரத்தின் படி, மேலே வைக்கும் பொரியல் எல்லாம் நாமே சொல்லலாம். அப்பா ஐந்தாம் படி காரம் கேட்டார். வியர்க்கச் சாப்பிட்டுவிட்டு அவர் சொன்னது: "காரம் மேல வச்ச மாதிரி இருக்கு தாயி, உள்ளருந்து வரல." சரியான பேச்சு. அடிப்படைக் குழம்பு ஒன்றுதான். படிக்கு ஏற்ப காரப்பொடியைச் சேர்க்கிறார்கள். நாம் மிளகாயை எண்ணெயில் தொடங்குகிறோம், அவர்கள் கடைசியில் தூவுகிறார்கள்.

எங்களோடு வந்த தோழி சைவம். அவள் அங்கே விலங்குப் பொருள் சேராத குழம்பைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இங்கே வரும் நம் ஆட்களுக்காக இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நான் வந்த புதிதில் ஒரு கடையில் இறைச்சி வேண்டாம் என்றேன். சிரித்த முகத்தோடு துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் குழம்பே மாட்டுக்கொழுப்பில் வறுத்த மாவில் செய்தது என்று தெரிந்தது. வீட்டில் மாட்டிறைச்சி பழக்கமில்லை. அன்று இரவு முழுக்க மனது சரியில்லை. அவர்கள் ஏமாற்றவில்லை. இறைச்சி என்றால் அவர்களுக்குத் துண்டு. கொழுப்பும் எலும்புச் சாறும் அந்தக் கணக்கில் வராது. அதனால் துண்டைப் பற்றிக் கேட்காதீர்கள், குழம்பைப் பற்றிக் கேளுங்கள். பெரிய கடைகளில் ஒவ்வாமை அட்டவணை இருக்கும். அதில் மாடு, பன்றி, கோழிக்குத் தனித்தனிக் கட்டம் உண்டு. அண்ணாச்சி கடையில் நான் முதல் தடவையே கேட்டுவிட்டேன்: கோழி எலும்பும் காய்கறியும்தான்.

இன்னொன்று ஷின்ஜுகுவில் இருக்கும் நகமுராயா. அது மதியச் சாப்பாட்டுக் கடை இல்லை, வெள்ளைத் துணி விரித்த மேசை. ஆனால் கோவில்பட்டிக்காரரை அங்கே கூட்டிப்போகாமல் விட முடியாது. பிரிட்டிஷ் அரசு தேடிய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ் 1915இல் ஜப்பானுக்குத் தப்பி வந்து, நாடு கடத்தும் உத்தரவு வந்தபோது ஒளிந்திருந்தது இந்த நகமுராயா ரொட்டிக்கடையில்தான். கடைக்காரர் சோமா ஐசோவும் மனைவி கொக்கோவும் அடைக்கலம் கொடுத்தார்கள். 1918இல் அவர்களுடைய மகள் தோஷிகோ அவரை மணந்தார். 1925இல் தோஷிகோ இறந்துபோனார். இரண்டு வருஷம் கழித்து, 1927இல் கடையில் சாப்பாட்டுப் பகுதி திறந்தபோது, ஆங்கிலேயரின் மாவுக்குழம்பு இந்தியச் சாப்பாடு இல்லை என்று காட்டுவதற்காக எலும்போடு கோழி போட்ட குழம்பைப் போஸ் சொல்லிக்கொடுத்தார். மற்ற கடைகளில் கரே பத்து, பன்னிரண்டு சென் விற்ற காலத்தில் அது 80 சென். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜியிடம் இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை ஒப்படைத்தவர் இவர்தான். மலேயாவிலிருந்து நேதாஜியின் இந்திய தேசியப் படையில் சேர்ந்த தமிழர்கள் எத்தனை பேர் என்பதும், எங்கள் ஊர்ப் பக்கம் தேவர் படம் இருக்கும் சுவரில் நேதாஜி படமும் இருக்கும் என்பதும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்பா சுவரிலிருந்த பழைய படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றப் பார்த்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குழம்பு நம் ருசிக்குக் கிட்டே இருந்தது. எலும்பைக் கையில் எடுத்துக் கடித்தார். நல்லாயிருக்கு என்றார். ஆனால் மறுநாள் மதியம் எங்கே போகலாம் என்று கேட்டபோது, "அண்ணாச்சி கடைக்கே போவோம்" என்றார். நம் குழம்பைப் போல இருப்பது அவருக்குப் பெரிதாகப்படவில்லை.

அங்கே கடைசியாகப் போன நாளில், கடற்படைக் கதையைச் சொன்னேன். 1882இல் கிளம்பிய ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பலில் 376 பேர். பயணத்தில் 169 பேருக்குச் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய், 25 பேர் செத்தார்கள். தீட்டிய வெள்ளையரிசிச் சோறுதான் முக்கியச் சாப்பாடு. தககி கனேஹிரோ என்ற கடற்படை மருத்துவர் சாப்பாட்டை மாற்றி 1884இல் இன்னொரு கப்பலை அதே வழியில் அனுப்பினார், ஒருவரும் சாகவில்லை. இறைச்சியும் காயும் கோதுமை மாவும் ஒரே தட்டில் சோற்றோடு போகும் கரே அந்த வழியில்தான் கப்பலுக்குள் ஏறியது என்று கடற்படை ஊரான யொகொசுகாவில் சொல்வார்கள். 1908ஆம் ஆண்டுக் கடற்படைச் சமையல் கையேட்டில் செய்முறை இருக்கிறது. இன்றும் ஜப்பானியக் கடற்படையில் வெள்ளிக்கிழமை என்றால் கரே. அப்பா கேட்டுவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "புழுங்கலரிசி தின்னுருந்தா அந்த இருவத்தஞ்சு பேரும் பொழச்சிருப்பான்." மெஸ்ஸில் கடைசி நாள்வரை புழுங்கலரிசிதான், பச்சரிசி கேட்டுச் சண்டை போட்டவர்களுக்கும் அதுதான். புழுக்கும்போது தவிட்டிலிருக்கும் சத்து அரிசிக்குள் போய்விடும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட உண்மை. அப்பாவுக்கு அதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் மூன்று கட்டிக்குழம்புப் பெட்டி வைத்துக் கொடுத்தேன். கடையில் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் படித்துப் பார்த்து, மாட்டுக்கொழுப்பு சேராததாக எடுத்தவை. இரண்டு மாதம் அவை அலமாரியில் இருந்தன. போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. காய் வெந்துவிட்டது, இனி என்ன என்றார்.

"அடுப்ப அணைச்சிட்டுத்தான் கட்டியப் போடணும்பா. கரைஞ்ச பெறவு சின்னத் தீ."

"அணைச்சிட்டா?"

"ஆமா. கொதிக்கும்போது போட்டா கட்டி தட்டிரும்."

டக்கென்று அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. கட்டிகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம். கரண்டி சட்டியில் உரசும் சத்தம். மறுபடி அடுப்பு. நான் ஊர் விஷயம் கேட்டேன், அத்தை மகள் கல்யாணத் தேதி கேட்டேன், மழை பெய்ததா என்று கேட்டேன். இரண்டொரு பதில் சொன்னார். அப்புறம் பேச்சு நின்றது. அந்தப் பக்கத்தில் கனமாக ஒரு குமிழி உடைந்தது எனக்கே கேட்டது.

"வைக்கேன் தாயி, அடி பிடிச்சிரும்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.